வைரஸ் மெயில் வெள்ளம்: எங்கே அடைப்பது, எந்த வரிசையில் அடைப்பது

காலையில் இன்பாக்ஸைத் திறந்தால் நானூறு புதிய மெயில். பாதிக்கு மேல் ஏதோ ஒரு கோப்பு இணைந்திருக்கிறது. 'இன்வாய்ஸ்', 'பார்சல் வந்து சேரவில்லை', 'உங்கள் கணக்கு இன்றோடு முடக்கப்படும்' என்று தலைப்புகள். உடனே ஒவ்வொன்றாக அழிக்க உட்காராதீர்கள். நீங்கள் ஒன்றை அழிப்பதற்குள் மூன்று வந்துவிடும். வெள்ள நீரை வாசலில் நின்று வாளியால் இறைத்து முடியாது, மேலே எந்த மதகை அடைக்கலாம் என்றுதான் பார்க்க வேண்டும்.

தனிக் கணக்கு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு முதல் ஆறு படிகளும் கடைசிப் படியும் போதும். சொந்த டொமைனோ மெயில் சர்வரோ இருந்தால் மிச்சத்தையும் படியுங்கள்.

1. முதல் பத்து நிமிடம்: இது எந்த வெள்ளம்?

பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இதில் நான்கு வகை உண்டு. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது.

முதல் வகையில், யார் யாரோ அனுப்பியதாக வைரஸ் இணைத்த மெயில்கள் உங்களுக்கு வருகின்றன. இரண்டாவது வகையில் வருவதெல்லாம் 'நீங்கள் அனுப்பிய மெயில் போய்ச் சேரவில்லை' என்ற அறிவிப்புகள். நீங்கள் அனுப்பவே இல்லை, உங்கள் முகவரியை அனுப்புநர் இடத்தில் போட்டு வேறு எங்கிருந்தோ யாரோ அனுப்புகிறார்கள். மூன்றாவது வகையில் உங்கள் கணக்கிலிருந்தே உண்மையில் மெயில் போய்க்கொண்டிருக்கிறது.

நான்காவதுதான் ஆபத்தானது, அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கோப்பு எதுவும் இருக்காது. 'எங்கள் செய்திமடலில் சேர்ந்ததற்கு நன்றி', 'உங்கள் பதிவை உறுதி செய்யுங்கள்' என்று நூற்றுக்கணக்கான தளங்களிலிருந்து வந்து குவியும். அவை பெரும்பாலும் உண்மையான தளங்களே. உங்கள் முகவரியை ஒரு நிரல் அத்தனை இடத்திலும் பதிந்திருக்கிறது. நோக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: வங்கியிலிருந்தோ ஆன்லைன் கடையிலிருந்தோ வரும் ஒரே ஒரு எச்சரிக்கை மெயில் உங்கள் கண்ணில் படாமல் புதைப்பது. இந்த வகை என்று தெரிந்தால் மெயிலை விடுங்கள். முதலில் வங்கிக் கணக்கு, கார்டு, நீங்கள் வாங்கும் தளங்கள் இவற்றுக்குள் நேரடியாகப் போய்ப் பாருங்கள். மெயிலில் வந்த லிங்க் வழியாகப் போகக் கூடாது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்தறிய 'சென்ட்' ஃபோல்டரை மட்டும் நம்ப வேண்டாம். கணக்குக்குள் புகுந்தவர் அனுப்பிய சுவடை அழித்திருக்கலாம். திரும்பி வந்த அறிவிப்பில் அசல் மெயிலின் ஹெடர் (எந்தெந்த சர்வர் வழியாக மெயில் வந்தது என்பதைச் சொல்லும் தலைக்குறிப்பு) பெரும்பாலும் ஒட்டியிருக்கும். அதில் உங்கள் மெயில் சேவையின் சர்வர் பெயரே இல்லை என்றால் அது வெறும் போலி முகவரி. இருந்தால் பெரும்பாலும் உங்கள் கணக்குதான் பறிபோயிருக்கிறது, 3-ஆம் படியின் கடைசிப் பத்தியில் சொன்னபடி கடவுச்சொல்லை மாற்றிவிட்டு 4-ஆம் படிக்குப் போங்கள்.

2. ஐந்து மாதிரிகளை எடுத்து வையுங்கள்

பிற்பாடு புகார் கொடுக்கவும் வடிகட்டி எழுதவும் இவைதான் ஆவணம். வெவ்வேறு நேரத்தில் வந்த ஐந்து மெயில் போதும். ஜிமெயிலில் மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தினால் முழு மூலமும் தெரியும், அங்கேயே பதிவிறக்கவும் செய்யலாம். தண்டர்பேர்டில் கன்ட்ரோல் விசையோடு 'யூ'. சாதாரண ஃபார்வர்டு செய்தால் ஹெடர் போய்விடும், ஆகவே யாருக்காவது அனுப்புவதென்றால் 'இணைப்பாக ஃபார்வர்டு' செய்யுங்கள்.

ஹெடரில் 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையை மேலே மேலே ஒட்டிக்கொண்டே போகும். இதில் ஒரு பொறி: கீழே உள்ள வரிகளை அனுப்பியவரே பொய்யாக எழுதியிருக்க முடியும். வெளியிலிருந்து மெயிலை வாங்கிக்கொண்ட உங்கள் சேவையின் சர்வர் எழுதிய வரியில் இருக்கும் ஐ.பி. எண் (இணையத்தில் ஒரு கணினியின் முகவரி எண்) மட்டுமே நம்பத்தக்கது. ஐந்து மாதிரியிலும் அந்த எண் ஒன்றே என்றால் அதைத் தடுத்தால் வேலை முடிந்தது. ஐந்திலும் ஐந்து எண் என்றால் தொற்றிய கணினிகளின் கூட்டம் அனுப்புகிறது. அப்போது எண்ணைத் தடுப்பதில் நேரத்தைக் கொட்டாதீர்கள்.

3. யாராவது கோப்பைத் திறந்தார்களா?

வைரஸ் மெயில் வந்து கிடப்பதாலேயே கணினிக்குத் தொற்றிவிடாது. கோப்பை இயக்கியது, ஆபீஸ் கோப்பில் 'எனேபிள் கன்டென்ட்' அழுத்தியது, லிங்க் வழியாக எதையோ இறக்கி நிறுவியது ஆகியவைதான் வழக்கமான வாசல்கள். இதில் எதுவும் நடக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

நடந்திருந்தால் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். அந்தக் கணினியில் எந்தக் கடவுச்சொல்லையும் தட்டாதீர்கள். விண்டோஸில் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' இருக்கிறது, தனிச் செலவில்லை. அது கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள். அலுவலகக் கணினி என்றால் தொழில்நுட்பப் பொறுப்பாளருக்குச் சொல்லாமல் ஃபார்மட் செய்யக் கூடாது, எப்படி நுழைந்தது என்ற தடயம் அதோடு அழிந்துவிடும்.

கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான சாதனத்திலிருந்து மாற்றுங்கள். தொற்றிய கணினியிலேயே மாற்றினால் புதிய சாவியையும் திருடன் கையில் கொடுத்த கதைதான். மாற்றிய கையோடு 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். கடவுச்சொல் இல்லாமல், உலாவியில் இருக்கும் குக்கியை (நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்தவர் என்று காட்டும் அடையாளம்) மட்டும் திருடிக்கொண்டு உள்ளே இருப்பவர்கள் அப்போதுதான் வெளியே போவார்கள்.

4. கணக்குக்குள் ஒளிந்திருப்பவை

கடவுச்சொல்லை மாற்றியும் பிரச்சினை தீரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். செட்டிங்ஸில் ஐந்து இடங்களைப் பாருங்கள்: தானாக ஃபார்வர்டு செய்யும் முகவரி, ஃபில்டர் விதிகள், கணக்கோடு இணைக்கப்பட்ட வெளிச் செயலிகள், ஆப் பாஸ்வேர்டுகள் (செயலிகளுக்கென்று தனியாக உருவாக்கும் கடவுச்சொற்கள்), மீட்புக்கான தொலைபேசி எண்ணும் மாற்று மெயிலும். நீங்கள் போடாத எதுவும் இருக்கக் கூடாது. 'வங்கி' என்ற சொல் வந்தால் நேரே குப்பைக்கு அனுப்பு என்பது போன்ற விதிகளைப் புகுந்தவர்கள் வைத்துவிட்டுப் போவதுண்டு. எல்லாவற்றையும் களைந்த பிறகு இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

5. இறக்குவதை நிறுத்துங்கள்

வெள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்போது மெயில் மென்பொருளை மூடிவிட்டு உலாவி வழியாக மட்டும் மெயிலைப் பாருங்கள். பாப்3 முறையில் அமைத்த மென்பொருள் எல்லாவற்றையும் முழுசாகக் கணினிக்கு இழுத்து வரும். அத்தோடு மெயிலில் ஏறும் கோப்பு எழுத்து வடிவத்துக்கு மாற்றப்படுவதால் அதன் அளவு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே ஊதிப்போகும். 100 கிலோபைட் கோப்பு சுமார் 137 கிலோபைட்டாகும். இப்படி ஆயிரம் வந்தால் 137 மெகாபைட். கைபேசியிலும் மெயில் ஒத்திசைவைத் தற்காலிகமாக அணையுங்கள்.

இடம் நிரம்புவது அடுத்த தலைவலி. ஜிமெயிலின் இலவச 15 ஜிபி, டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். நிரம்பிவிட்டால் உங்களுக்கு வர வேண்டிய நல்ல மெயில்களும் திரும்பிப் போகும். ஸ்பாமிலும் குப்பையிலும் கிடப்பவை 30 நாளுக்குப் பிறகுதான் தானாக அழியும், அதுவரை இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். எனவே அழித்தால் மட்டும் போதாது, குப்பையையும் காலி செய்ய வேண்டும்.

தண்டர்பேர்டு பயன்படுத்துவோருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. வழக்கமான அமைப்பில் அதன் இன்பாக்ஸ் முழுவதும் ஒரே கோப்பு. அதற்குள் ஒரு வைரஸ் மெயிலைக் கண்ட ஆன்டிவைரஸ், அந்தக் கோப்பையே பிடுங்கிச் சிறையில் வைத்துவிட்டால் பத்து வருட மெயிலும் ஒரு நொடியில் காணாமல் போகும். வந்ததும் ஒவ்வொரு மெயிலையும் தனியாக ஆன்டிவைரஸ் சோதிக்க அனுமதிக்கும் தேர்வு பாதுகாப்பு அமைப்புகளில் இருக்கிறது, அதை இயக்கி வையுங்கள். இன்னொன்று, அழித்த மெயிலும் 'காம்பேக்ட்' (அழித்தவற்றை நிஜமாகவே நீக்கிக் கோப்பைச் சுருக்கும் கட்டளை) செய்யும்வரை அந்தக் கோப்புக்குள்தான் இருக்கும். 'அழித்துவிட்டேன், ஆனாலும் ஆன்டிவைரஸ் கத்துகிறதே' என்பதற்கு இதுவே காரணம். எதற்கும் முன்பாக, மெயிலும் அமைப்புகளும் இருக்கும் புரொஃபைல் ஃபோல்டரை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. வடிகட்டி எழுதுவது

அனுப்புநர் பெயரை வைத்து விதி எழுதாதீர்கள். அந்தப் பெயர் கிட்டத்தட்ட எப்போதும் பொய், பல நேரம் உங்கள் நண்பருடைய முகவரியாகவே இருக்கும். அதைத் தடுத்தால் வைரஸ் நிற்காது, நண்பர்தான் நின்றுபோவார். இதே காரணத்தால் 'நீங்கள் வைரஸ் அனுப்பியிருக்கிறீர்கள்' என்று பதில் எழுதுவதும் வீண். தலைப்பை வைத்து எழுதும் விதி ஒரு நாள் உழைக்கும், மறுநாள் தலைப்பு மாறிவிடும். 'அன்சப்ஸ்கிரைப்' பொத்தானை அழுத்தினால் இந்த முகவரிக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று நாமே சொல்லிக் கொடுத்தது ஆகும்.

மாறாமல் இருப்பது கோப்பின் வகை. விதியை அதன் மேல் எழுதுங்கள். இஎக்ஸ்இ, எஸ்சிஆர், பிஐஎஃப், சிஓஎம், பிஏடி, சிஎம்டி, விபிஎஸ், ஜேஎஸ், ஜேஎஸ்இ, டபிள்யூஎஸ்எஃப், ஹெச்டிஏ, எல்என்கே ஆகிய நீட்டிப்புகளில் சாதாரண மனிதர் யாரும் உங்களுக்குக் கடிதம் அனுப்பப் போவதில்லை. ஐஎஸ்ஓ, ஐஎம்ஜி வட்டுக் கோப்புகளையும் மேக்ரோ (ஆபீஸ் கோப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நிரல்) கொண்ட டாக்எம், எக்ஸ்எல்எஸ்எம் கோப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் ஆபீஸில் இயல்பாகவே தடுக்கிறது. ஆனால் பழைய பதிப்பை வைத்திருப்பவருக்கு அந்தக் காவல் கிடையாது.

கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பு ஒரு தனி ரகம். ஆன்டிவைரஸால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, அதற்காகத்தான் பூட்டியே அனுப்புகிறார்கள். பூட்டிய பெட்டியையும் சாவியையும் ஒரே மெயிலில் வைத்து அனுப்பினால் அது பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு அல்ல.

விதியை மெயில் மென்பொருளில் எழுதாமல் சேவையின் வலைப்பக்கத்தில், அதாவது சர்வர் பக்கத்தில் எழுதுங்கள். மென்பொருளில் எழுதிய விதி, மெயில் கணினிக்கு வந்த பிறகே பல சமயம் வேலை செய்யும். முதல் வாரம் எதையும் நேராக அழிக்க வேண்டாம். 'சந்தேகம்' என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதற்குள் தள்ளுங்கள். இரண்டாவது வகை வெள்ளத்துக்கும் இப்படித்தான்: திரும்பி வரும் அறிவிப்புகளைத் தனி ஃபோல்டருக்கு அனுப்புங்கள். முழுக்கத் தடுத்தால் நீங்கள் உண்மையில் தவறான முகவரிக்கு அனுப்பியதும் தெரியாமல் போகும்.

விண்டோஸ் கோப்பு நீட்டிப்பை இயல்பாக மறைக்கும். 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்ற கோப்பு 'பில்.பிடிஎஃப்' என்று மட்டுமே தெரியும். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ', 'ஷோ' மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இயக்குங்கள். ஒரு நிமிட வேலை.

இது நிஜ இன்வாய்ஸாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், அனுப்பியவரைத் தொலைபேசியில் கேட்பதுதான் மலிவான சோதனை. 'வைரஸ்டோட்டல்' தளத்தில் ஏற்றினால் எழுபதுக்கு மேற்பட்ட ஸ்கேனர்கள் இலவசமாகப் பார்க்கும். ஆனால் அங்கே ஏற்றிய கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். சம்பளப் பட்டியல், மருத்துவ அறிக்கை போல இருக்கக்கூடிய எதையும் ஏற்றாதீர்கள். கோப்பின் ஹாஷ் எண்ணை (கோப்பிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) மட்டும் கொடுத்துத் தேடலாம். மற்றபடி, 'எதுவும் இல்லை' என்று பச்சை வந்தால் இன்னும் யாருக்கும் தெரியவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். காலையில் பிறந்த வைரஸுக்கு மாலையில்தான் அடையாளம் எழுதுவார்கள்.

7. சொந்த சர்வர் வைத்திருப்பவர்களுக்கு

மதகு உங்கள் கையில் இருக்கிறது. ஒரே கொள்கை: வேண்டாத மெயிலை வாசலிலேயே, எதிர் சர்வரோடு பேச்சு நடக்கும்போதே 5-இல் தொடங்கும் பிழை எண்ணோடு மறுத்துவிடுங்கள். வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, பிறகு சோதித்து, 'இதில் வைரஸ் இருந்தது' என்று திருப்பி அனுப்புவது பெரிய தவறு. அந்த அறிவிப்பு போலி முகவரிக்காரருக்குப் போய் அவர் வீட்டில் இரண்டாவது வெள்ளத்தை உண்டாக்கும். போக வழியில்லாதவை உங்கள் வரிசையிலேயே தேங்கும். மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரை முயன்றுகொண்டே இருக்கும். ஸ்கேனரில் 'அனுப்புநருக்குத் தெரிவி' என்று ஒரு வசதி இருந்தால் அதை இன்றே அணையுங்கள்.

சோதனைகளை மலிவானதிலிருந்து அடுக்குங்கள். முதலில் ஐ.பி. தடைப்பட்டியல், பிறகு அப்படி ஒரு பெறுநர் இருக்கிறாரா என்பது, பிறகு கோப்பு நீட்டிப்பு, கடைசியில்தான் வைரஸ் ஸ்கேன். வரிசையைத் தலைகீழாக வைத்தால் ஸ்கேனர் மூச்சுத் திணறி நல்ல மெயிலும் மணிக்கணக்கில் தாமதமாகும்.

ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியலைப் பொது டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கு உரிய விவரத்தைத் தேடித் தரும் அமைப்பு) சேவை வழியாகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் விவரத்துக்குப் பதில் பிழைக் குறியீடு வரும். அதை 'பட்டியலில் இருக்கிறது' என்று உங்கள் சர்வர் புரிந்துகொண்டால் உலகத்தில் ஒருவர் மெயிலும் உள்ளே வராது. சொந்த டிஎன்எஸ் ரிசால்வர் ஒன்றை அதே சர்வரில் ஓட்டுங்கள். குறைந்த அளவு, வணிகமல்லாத பயனுக்கு மட்டுமே இது இலவசம்.

கேட்ச்-ஆல் முகவரியை மூடுங்கள். டொமைனின் எந்தப் பெயருக்கு வந்தாலும் ஏற்கும் அந்த வசதி, பெயரை ஊகித்து அனுப்பும் வைரஸுக்குத் திறந்த வாசல். பல இடங்களில் வெள்ளத்தின் பாதி இந்த ஒரு மாற்றத்திலேயே வடியும்.

கிளாம்ஏவி என்ற வைரஸ் ஸ்கேனர் இலவசம், ஆனால் நினைவகத்தைத் தின்னும். குறைந்தது 3 ஜிபி ராம் ஒதுக்குங்கள். புதிய வைரஸ் அடையாளத் தரவுத்தளத்தை ஏற்றும்போது பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் நிற்கும், சின்ன சர்வர்கள் விழுவது அந்த நேரத்தில்தான். ஸ்கேனர் விழுந்துவிட்டால் மெயிலைச் சோதிக்காமல் விடுவதா, 'பிறகு வா' என்று சொல்வதா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டாவதே நல்லது, அனுப்பும் நல்ல சர்வர் மீண்டும் முயலும். அமைத்து முடித்ததும் ஐகார் சோதனைக் கோப்பை உங்களுக்கு நீங்களே அனுப்பிப் பாருங்கள். 68 எழுத்துகளே உள்ள, தீங்கில்லாத கோப்பு அது. அது இன்பாக்ஸுக்கு வந்து சேர்ந்தால் ஸ்கேனர் ஓடவில்லை என்று பொருள்.

தெரியாத சர்வரை முதல் தடவை 'ஐந்து நிமிடம் கழித்து வா' என்று அனுப்பும் கிரேலிஸ்டிங், மறுமுறை முயலாத வைரஸ்களை நன்றாகவே வடிகட்டும். விலை என்னவென்றால் ஒருமுறைக் கடவுச்சொல் தாங்கிய மெயிலும் ஐந்து நிமிடம் கழித்தே வரும், அதற்குள் அது காலாவதியாகிவிடலாம். வெள்ள நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே போகும் பக்கத்தையும் மறக்க வேண்டாம். மெயில் சர்வர் தவிர உள்ளே இருக்கும் எந்தக் கணினியும் 25-ஆம் போர்ட் வழியாக வெளியே பேசக் கூடாது, அதை ஃபயர்வாலில் அடையுங்கள். பயனர்கள் 587 அல்லது 465 வழியாக, கடவுச்சொல் கொடுத்தே அனுப்பட்டும். ஒருவர் ஒரு மணிநேரத்தில் அனுப்பக்கூடிய மெயிலுக்கு ஒரு வரம்பும் வையுங்கள்.

8. உங்கள் டொமைன் பெயரில் மற்றவர் அனுப்புவதைக் குறைக்க

எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (மெயிலின் மின் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி), டிமார்க் (இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற குறிப்பு) ஆகிய மூன்று டிஎன்எஸ் பதிவுகள் வேண்டும். பதிவுகளுக்கென்று பொதுவாகத் தனிக் கட்டணம் இல்லை, நேரம்தான் செலவு. முதல் நாள், உங்கள் பெயரில் மெயில் அனுப்பும் எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள்: மெயில் சர்வர், செய்திமடல் சேவை, பில் மென்பொருள், இணையதளத்தின் தொடர்புப் படிவம். இந்தக் கடைசி இரண்டைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு போட்டால் இரண்டும் செல்லாது. அதற்குள் டிஎன்எஸ் தேடல்கள் பத்தைத் தாண்டக் கூடாது. டிமார்க்கை முதலில் 'நன்' (எதையும் தடுக்காதே) நிலையில், அறிக்கை வரும் முகவரியோடு போட்டு இரண்டு முதல் நான்கு வாரம் அறிக்கைகளைப் பாருங்கள். விடுபட்ட சேவைகளைச் சேர்த்த பிறகு 'குவாரன்டைன்' (ஸ்பாமில் ஒதுக்கு), அதற்குப் பிறகே 'ரிஜெக்ட்' (வாங்காமல் மறு). ஆத்திரத்தில் முதல் நாளே கடைசிக்குத் தாவினால் உங்கள் பில்களே வாடிக்கையாளருக்குப் போகாது. மெயிலே அனுப்பாத டொமைன் என்றால் இந்தக் காத்திருப்பு வேண்டியதில்லை, நேராக 'ரிஜெக்ட்' போடலாம்.

அந்த அறிக்கைகள் ஜிப் அல்லது ஜிஜிப் கோப்பாக வரும். 6-ஆம் படியில் ஆர்வம் மிகுந்து ஜிப்பையே தடுத்திருந்தால் அவையும் தடுபடும், ஆகவே தனி அஞ்சல் பெட்டி கொடுங்கள். உங்கள் டொமைனைப் போலவே ஒரு எழுத்து மாற்றிப் பதிந்த டொமைனிலிருந்து வருவதை இந்த மூன்றும் தடுக்காது.

9. புகார்

ஒரே ஐ.பி. எண்ணிலிருந்து தொடர்ந்து வந்தால் மட்டும் இதற்கு நேரம் ஒதுக்குங்கள். 'ஹூஇஸ்' தேடலில் அந்த எண் எந்த நெட்வொர்க்குக்குச் சொந்தம் என்று தெரியும், 'அப்யூஸ்' என்று தொடங்கும் புகார் முகவரியும் அதிலேயே இருக்கும். ஐ.பி. எண், நேர மண்டலத்தோடு கூடிய நேரம், முழு ஹெடர் இவற்றை எழுத்தாகவே ஒட்டி அனுப்புங்கள். வைரஸ் கோப்பை இணைத்தால் அவர்கள் வடிகட்டியே உங்கள் புகாரை விழுங்கிவிடும். தானியங்கிப் பதில் தவிர வேறு வராமல் போகலாம், அதற்காகத் தினமும் நினைவூட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

உங்கள் சர்வரே தடைப்பட்டியலில் ஏறிவிட்டால், தொற்றிய கணினியைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு நீக்கக் கேளுங்கள். சரிசெய்யாமல் கேட்டால் சில மணிநேரத்தில் மறுபடி ஏறும். ஸ்பாம்ஹவுஸ் பட்டியலிலிருந்து நீக்கக் கட்டணம் கிடையாது. பணம் கொடுத்தால் நீக்கித் தருகிறோம் என்று வருபவர்களை வாசலோடு அனுப்புங்கள்.

10. வடிந்த பிறகு

ஒரு வாரம் கழித்து 'சந்தேகம்' ஃபோல்டரை ஒருமுறை முழுவதும் பாருங்கள். நல்ல மெயில் சிக்கியிருந்தால் எந்த விதி பிடித்தது என்று பார்த்து அதை மட்டும் தளர்த்துங்கள். கிரேலிஸ்டிங்கையும் திரும்பி வரும் அறிவிப்புகளுக்கான விதியையும் எடுத்துவிடலாம். கைபேசி ஒத்திசைவை மறுபடி இயக்குங்கள். கோப்பு நீட்டிப்புத் தடையை மட்டும் எடுக்காதீர்கள்.